டியூபாவுக்குப் பக்கத்து நாற்காலி

அவள் தன் பேஸ் ட்ராம்போனுக்குள், அந்த நீண்ட பித்தளைக் குழலுக்குள், சத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

குழல் குளிர்ந்துபோனால் சுருதி இறங்கிவிடும். அன்றைய சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளில் அவளுக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. நான்காம் பகுதியின் நடுவில்தான் முறை வரும். அதுவரை வெறும் மூச்சை உள்ளே விட்டு, வாத்தியத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

"உட்கார்ந்தே சம்பளம் வாங்குறவங்க" என்று வயலின்காரர்கள் அவளைக் கேலி செய்வார்கள். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்து நாற்காலியில் டியூபாக்காரரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அவர் மறுபடி ஊதத் தொடங்கினால் அவளும் தொடங்கினாள். ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வயலின்காரர்களின் தலைகளுக்கு மேலாக, புல்லாங்குழல்காரர்களின் தோள்களுக்கு நடுவே, மேடையின் கடைசி வரிசையில் இருந்த தன் மனைவியை.

டியூபாக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பெரிய பித்தளையை மடியில் ஏற்றிக்கொண்டால் தொப்பை எங்கே முடிகிறது, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இசைக்குழுவில் அவருக்கு அண்டா என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். அவளைத் தங்கச்சி என்றுதான் அழைப்பார். அந்த முறையில் அவனுக்கு மாப்பிள்ளைப் பட்டமும் கிடைத்திருந்தது.

"என்ன மாப்ள, என் தங்கச்சிக்குச் சோறு போடுறீங்களா இல்லையா? இன்னிக்குக் காத்து பத்தலையே!" என்று மாலையில்கூட அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனிதர்மேல் சந்தேகப்பட்டால் ஊர் சிரிக்கும். அவனுக்கும் சந்தேகம் இல்லை.

இருந்திருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருக்கலாம்.

அவனுக்கு வயிறு எரிந்ததெல்லாம் அந்த மூச்சுக்காகத்தான். பேஸ் ட்ராம்போனும் டியூபாவும் சேர்ந்து அடிநாதத்தில் இறங்கும் இடங்களில், இருவருக்கும் ஒரே கணத்தில் தோள் உயரும், விலா விரியும். ஒரே அளவு காற்று உள்ளே போகும். ஒரே கணத்தில் வெளியே வரும். இரண்டு உடம்புக்கும் ஒரே நுரையீரல் போல.

இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் அவனுக்கு வாய்க்காத ஒன்று.

வீட்டில் முயன்றும் பார்த்திருக்கிறான். காலைச் சாப்பாட்டில், எதிரே அவள் தோள் ஏறும்போது தானும் இழுத்து, இறங்கும்போது தானும் விட்டு.

"என்னங்க இப்படி மேல்மூச்சு வாங்குது? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

இன்னொரு நாள், அவள் ட்ராம்போனின் சறுக்குக்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்பதுபோலக் கேட்டான். அந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உனக்கு எப்படித் தெரிகிறது?

"பாத்தா லேட்டாயிடும்ங்க."

தலை நிமிராமல் சொன்னாள். குழலைத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.

நான்காம் பகுதி பாதி கடந்திருந்தது. வயலின்கள் தணிந்துகொண்டே வந்தன. அவள் ட்ராம்போனைத் தூக்கி உதட்டில் பொருத்தினாள். கனம் முழுவதும் இடது கையில் இறங்க, அந்தத் தோள் லேசாகத் தாழ்ந்தது.

அந்தத் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது அவன்தான்.

ஒரே ஒரு தடவை, மூச்சு எடுக்கும் முன் அவள் தன்னைப் பார்த்தால் போதும் என்று நினைத்தான்.

அதற்கு ஒரு வழி இருந்தது.

இவ்வளவு நேரம் வாசிக்காமல் இருந்தவர்கள், சேர வேண்டிய இடம் தெரியாமல் தடுமாறக்கூடாது. அதனால் அந்த இடத்தில் இசைக்குழுவை நடத்துபவன் அவர்கள் பக்கம் இடது கையை நீட்டி அழைக்க வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அவன் அழைத்திருக்கிறான். மேடையிலிருந்த அத்தனை பேரும் அவன் கைக்குத்தான் தொடங்கினார்கள், அவன் கைக்குத்தான் நின்றார்கள்.

போன வாரம், ஒலி சரியாகச் சேரவில்லை என்று சாக்குச் சொல்லி, டியூபாவை மேடையின் மறுகோடிக்கு மாற்றியும் பார்த்திருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒன்றாகவே மூச்சு எடுத்தார்கள். மறுநாளே பழைய நாற்காலிக்குத் திருப்பி அனுப்பிவிட்டான்.

வலது கையில் மெல்லிய கோல் தாளத்தை விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

இடது கையை அவன் தூக்கவில்லை. தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

தவறினால் மானம் போவது அவனுக்குத்தான். முதுகுக்குப் பின்னால் அரங்கு நிறைய ஆட்கள். போகட்டும் என்று இருந்தது. அவள் ஒரு கணம் குழம்பி, கண்ணைத் தூக்கி, இப்போதா என்று அவனிடம் கேட்கட்டும்.

இருவரின் தோள்களும் ஒன்றாக உயர்ந்தன.

அவள் கண் எதிரே இருந்த தாளை விட்டு அசையவில்லை.

ஒலி எழுந்தது. மேடைப் பலகை வழியாக வந்து அவன் உள்ளங்காலைத் தொட்டது. வர வேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், ஊதியது இரண்டு பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

முன்வரிசை வயலின்காரர் மட்டும், தொடையருகே கிடந்த அவன் கையை ஒரு நொடி பார்த்தார்.

அதன் பிறகுதான் அவன் அந்தக் கையைத் தூக்கினான். விரல்களை விரித்து, ஆழத்திலிருந்து எதையோ இழுத்தெடுப்பவன்போல, மெதுவாக மேலே உயர்த்தினான்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அந்த ஒலியை எழுப்பியது அவன்தான் என்று தோன்றியிருக்கும்.