வரிகள் நின்ற இடம்

கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைப் பற்றி எமல்டா எழுதிய புத்தகத்தைச் செல்வின் கணினியில் பக்கம் பக்கமாக அமைத்துக்கொண்டிருந்தான். அருகில் உட்கார்ந்திருந்த அவள், “வரியெல்லாம் ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டுன மாதிரி இருக்கு தம்பி. இடப்பக்கம் மட்டும் ஒண்ணா நிக்கட்டும்” என்றாள்.

அப்படியே செய்தான். பத்தித் தொடக்கத்து இடைவெளிகளும் சேர்ந்தே மறைந்துவிட்டன.

“ஐயோ, அது வேணும்.”

திரும்பக் கொடுத்தான். சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கீழிறங்கின. வலது ஓரத்தில், வரிகள் நின்ற இடமெல்லாம் சேர்ந்து, நெற்றி, மூக்கு, மூடிய உதடு என்று பக்கவாட்டில் ஒரு முகம். புத்தகத்தின் அட்டைப்படத்தில் இருந்த மகனின் அதே முகம். செல்வின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

எமல்டா கண்கூடச் சிமிட்டவில்லை.

“இடைவெளிய இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க தம்பி. வாயத் தெறக்கப் போறான்.”