சோடியம் குறைந்த உப்பு

கணவரை அடக்கம் செய்த மூன்றாம் வாரம் பிலோமினா பள்ளிக்குத் திரும்பினாள். பதினோராம் வகுப்புக்கு உயிரியல் பாடம். செல்லின் சவ்வில் இருக்கும் பம்பு சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினாள்.

"எது சோடியம், எது பொட்டாசியம்னு அதுக்கு எப்படி மிஸ் தெரியுது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அதுக்குள்ள ஒரு குழி இருக்கு. சோடியம் சின்னது, அதுல சரியா உக்காரும். அதை வெளிய விட்டதும் குழியோட வடிவம் மாறிடும். அப்புறம் பொட்டாசியம்தான் பொருந்தும்."

குரல் பிசிறவில்லை. சிறுநீரகம் பழுதான கணவருக்கு, ரத்தக்கொதிப்பு குறையட்டும் என்று சோடியம் குறைந்த உப்பை வாங்கி வந்தது அவள்தான். குறைத்த சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்த்திருந்தார்கள். அவருடைய சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோனது. "வீட்ல என்ன உப்பும்மா போடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஆள் மாறி உள்ள போயிடாதா மிஸ்?"

"அதெல்லாம் மாறாது" என்றாள் பிலோமினா. விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, உப்புப் பார்ப்பவளைப் போல மெல்ல நாக்கில் வைத்துப் பார்த்தாள்.