ஒன்பதும் பத்தொன்பதும்

“லெவலை மாத்திட்டேன் அக்கா. உங்களோடது இப்போ பத்தொன்பதுல ஓடுது.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கணினிக் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். எவ்வளவு அழுத்திச் சுருக்க வேண்டும் என்பதற்கான அளவுதான் லெவல்; அது ஏற ஏற நேரமும் கூடும். அலுவலகத்தில் பல வருடமாக ஓடும் பழைய மென்பொருளோடு இன்று அதற்குப் போட்டி. ஜெயித்தால் அவள் வேலை நிரந்தரம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேகமானதைத்தான் எடுப்பார்கள் என்று மலைபோல நம்பியிருந்தாள்.

சோதனை நடத்துகிறவனுக்கு அலுவலகத்தில் ‘கறார்’ என்று பெயர். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“காலையில ரெண்டையும் ஒன்பதுலதானே ஓட்டினீங்க? என்னோடது பத்தே செகண்டுல முடிஞ்சுது. பழசு ரெண்டு நிமிஷம் முக்கி முனகிச்சு!”

“அதனாலதான் மாத்தினேன்.”

“லெவலை ஏத்தினா மெதுவாயிடும் தம்பி. தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்போ பழசையும் ஏத்துங்க.”

“அதுக்கு ஒன்பதோட சரி. அதுக்கு மேல லெவலே இல்ல.” அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விறுவிறுவென்று மாடிப்படிக்கு வந்து கணவனுக்கு போன் போட்டாள்.

“ஏங்க, ஓடுற குதிரைக்குக் காலைக் கட்டிட்டான் அந்தக் கறார்!”

“சண்டை கிண்டை போட்டுடாதே.”

“போடல. மனசுக்குள்ளேயே திட்டிக்கிட்டு இருக்கேன்.”

“நல்லாத் திட்டு. இன்னிக்காவது எனக்கு ஓய்வு.”

அதற்குள் மேலாளர் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுப் போனாள்.

“வாழ்த்துகள்மா! உங்க மென்பொருளையே எடுத்துக்கறோம். வேலையும் நிரந்தரம்.”

காதை நம்ப முடியவில்லை. “சார்… அதோட வேகம் குறைஞ்சிடுச்சே?”

“வேகத்தை வச்சு என்னம்மா பண்றது? நமக்கு இடப் பஞ்சம். எது கோப்பைச் சின்னதாக்குதுன்னு மட்டும்தான் பார்த்தேன். காலையில ஒன்பதுக்கு ஒன்பதுன்னு ஓட்டினப்போ பழசுதான் சின்னதாக்குச்சு. உங்களை அனுப்பிடலாம்னே முடிவு பண்ணிட்டேன்.”

“ஐயையோ! அப்புறம்?”

“கறார் வந்து நின்னார். ‘பேருக்குத்தான் சார் ரெண்டும் ஒன்பது. பழசு ரெண்டு நிமிஷம் எடுத்துக்குது, அக்காவோடதுக்குப் பத்து செகண்டுதான் கொடுத்திருக்கோம். அதுக்கும் ரெண்டு நிமிஷம் கொடுத்துப் பார்க்கணும்’னு ஒத்தைக் கால்ல நின்னார். பத்தொன்பதுல ஓட்டினா அதுக்கும் ரெண்டு நிமிஷம் ஆச்சு. பழசைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு!”

கறாரை மனதுக்குள் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அவளைச் சுட்டது.

“ஒரு வார்த்தை சொல்லலையே சார் அந்த மனுஷர்! அவரைக் கையெடுத்துக் கும்பிடணும். நான் அவருக்கு அக்காவா, தங்கச்சியா? எனக்காக எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டினார்?”

“அதுதாம்மா எனக்கும் புரியல” என்றார் மேலாளர். “அந்தப் பழசை எழுதினதே அவர்தான்.”