ஒரு முழத் தூரம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் பிசிறு பார்க்கும் மயிலாத்தாளுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்துவைத்ததே கம்பெனிதான். உள்ளே வைத்த லென்ஸில், கம்பெனி அமைத்துவைத்தபடி, வேலை நேரம் முழுக்க ஒரு முழத் தூரம்தான் தெளிவாகத் தெரியும்.

அன்று மத்தியானம் வெளிநாட்டுக்குக் கிளம்பிய மகள் இந்துஜாவைக் காவலாளி உள்ளே விடவில்லை. "கேட் வாசல்ல கார்கிட்ட நிக்கிறேன், ஜன்னலுக்கு வாம்மா" என்று போனில் அழைத்தாள்.

மயிலாத்தாள் சூப்பர்வைசரிடம் ஓடினாள். "ரெண்டே நிமிசம் கண்ணை மாத்தி விடுங்க தம்பி."

"அது என் கையில இல்லீங்க்கா. ஆறு மணிக்குத் தானா மாறிக்கும்."

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே எல்லாமே கலங்கித் தெரிந்தது. குத்துமதிப்பாக ஒரு பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"எம்புள்ள என்னைப் பாக்குறாளா?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"கார் போயிருச்சுங்க்கா. கையை எறக்குங்க."