கீழ்க்குளத்துக் கீரை

பக்கத்து வீட்டு இமாஸ் தன் குளத்தங்கரையில் மந்திரித்த தாயத்து எதையோ புதைத்து வைத்திருக்கிறாள் என்பதில் ஓடாவுக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் அந்த வள்ளைக்கீரை மட்டும் இப்படிக் கொழுத்துக் கிடக்குமா?

வேலிக்கு மேல்பக்கம் ஓடாவின் குளம். அதன் ஓரத்திலும் அதே வள்ளைக்கீரைதான். ஆனால் மூன்று மாதமாக மஞ்சள் காமாலை வந்ததுபோல் சோர்ந்து நின்றது.

 நாளைக்குப் பாண்டுங் நகரத்திலிருந்து ராத்னா அம்மாள் தன் மகனுக்காக ஓடாவின் மகள் லிலிஸைப் பெண் பார்க்க வருகிறாள். லிலிஸுக்குத் தட்டிப்போன இடங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தன. இந்த அம்மாளோ சுத்தத்தில் ரொம்பக் கறார். கடைக்கீரையைத் தொடமாட்டாளாம், வீட்டுக் குளத்துக் கீரை என்றால் பச்சையாகவே சாப்பிடுவாளாம். முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டாள்.

ஓடாவும் சும்மா இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சம்பந்தப் பேச்சு தொடங்கிய நாளிலேயே புருஷன் எங்கோஸின் முதுகை முறித்துவிட்டாள். வாசலுக்கு நேரே குளத்தின்மேல் நின்ற மூங்கில் கக்கூஸை அவன் பிரித்து, வருகிறவர்கள் கண்ணில் படாத கீழ்மூலையில் கட்டிவைத்தான். எல்லார் வீட்டுக் குளத்திலும் இருப்பதுதானே என்று முனகியவனை, பாண்டுங்கில் இல்லை என்று சொல்லி அடக்கினாள். குளத்துக் கெண்டைகள் மட்டும் முனகாமல் புது மூலைக்குக் குடிபோயின.

வேறு வழியில்லாமல் ஓடா பெருமையை விழுங்கிக்கொண்டு வேலியருகே போனாள்.

"அப்படி என்ன உரம்டி போடுறே?"

"நான் எதுவும் போடறதில்லக்கா. உங்க குளத்துத் தண்ணிதானே குழாய்ல இறங்கி எங்க குளத்துக்கு வருது."

"அதே தண்ணியில எனக்கு மஞ்சள், உனக்குப் பச்சையா? யாருக்குக் காது குத்துறே?"

இமாஸ் சிரித்தாள். கேட்காமலே இரண்டு கை நிறையக் கொழுந்து கிள்ளிக் கொடுத்தாள். நாளைக்குப் பரிமாற ஆள் வேண்டுமே, நானும் வருகிறேன் என்றாள். நன்றி சொல்வதெல்லாம் ஓடாவுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் பாயில் சம்மணமிட்ட ராத்னா அம்மாள், பச்சைக் கொழுந்தை மிளகாய்த் துவையலில் தோய்த்துத் தோய்த்து உள்ளே தள்ளினாள். லிலிஸைப் பார்த்ததைவிடக் கீரையைத்தான் அதிக நேரம் பார்த்தாள். இரண்டாவது தட்டும் காலியானபோது, சம்பந்தம் வைத்தால் இந்த மாதிரி வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியேவிட்டாள்.

ஓடாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வாய் தாங்கவில்லை.

"எல்லாம் எங்க குளத்துச் சுத்தம்தாங்க. பக்கத்து வீட்டுக் குளத்தைப் பாருங்க, ஒரே அசிங்கம். அதுல முளைக்கறதை ஆடுகூடத் தொடாது."

சோற்றுக் கூடையோடு உள்ளே நுழைந்த இமாஸ் அப்படியே நின்றாள். ராத்னா அம்மாள் அவளைக் கைகாட்டி அழைத்து, வாய் நிறையக் கொழுந்தோடு கேட்டாள்.

"இந்த வீட்டம்மா ரகசியத்தைச் சொல்லமாட்டாங்க போல. நீயாவது சொல்லும்மா, இந்தக் கீரைக்கு என்ன உரம்?"

இமாஸ் கூடையை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"கீரை எங்க குளத்துதுங்க. உரம்தான் அக்கா வீட்டுது, மூணு மாசமா குடும்பத்தோட கீழ்மூலையில உக்காந்து அனுப்பறாங்க."