நடு நாற்காலி

"பொம்பளை இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார் சீனாவின் சிகோங் நகர உப்பு வணிகர் சங்கத் தலைவர் ஃபான்.

கணவன் இறந்தபின் உப்புக் கிணற்றைத் தானே நடத்தும் குய்லிங், சங்க மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள்.

"சந்தாவ மட்டும் பொம்பளை கையால வாங்கலாமா?"

"போம்மா, போய் வேலையப் பாரு."

அடுத்த மாதமே அவள்மேல் புகார் வந்தது. எடை குறைத்து உப்பு விற்கிறாளாம். ஃபானுக்கு வாயெல்லாம் பல். எடையில் ஏமாற்றியவர், தன் செலவில் மண்டபத்தில் ஊருக்கே நாடகம் போட வேண்டும். எல்லோரும் பார்க்க முன்வரிசை நடு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார வேண்டும். அதுதான் சங்கத்தின் தண்டனை.

"தப்ப ஒத்துக்கிறியா?"

"தண்டனைய ஏத்துக்கிறேன்."

நாடகத்தன்று குய்லிங் சிவப்புப் பட்டு உடுத்தி வந்தாள். வாசற்படியை நன்றாக மிதித்து உள்ளே போய், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை மட்டும் குனியவில்லை.

ஃபான் பாய்ந்து வந்தார். "வெக்கமா இல்ல?"

"எதுக்கு? என் உப்ப உங்க தராசுலயே போட்டுப் பாருங்க. ஒரு சிட்டிகை குறையாது."

"பொய்! வாங்கின ஆளே வந்து அழுதானே!"

"அவரு எங்க வீட்டு சமையல்காரர். நான்தான் அனுப்பினேன். நல்லா அழுதாரா?"

நாடகத்தை நிறுத்த ஃபான் கையைத் தூக்கினார்.

"தாராளமா நிறுத்துங்க ஐயா. எடை போட்டுப் பாக்காமலே தண்டனை குடுத்தீங்கன்னு ஊருக்கே நான் சொல்றேன்."

தூக்கிய கை மெல்ல இறங்கியது.

"அப்ப உக்காருங்க," என்றாள் குய்லிங். "பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது."