நாலாவது மஞ்சள் அட்டை

“இன்னிக்கு ஒரு நாளாவது அந்தாளு ஜெர்கினைக் கொஞ்சம் லூசாப் புடியேன். குடியா முழுகிடும்?” என்றாள் மனைவி கெஸீனா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

டெட்மருக்குக் காபி புரையேறியது. “பச்சைத் துரோகம்டி அது!”

டெட்மர் ஒரு காலத்தில் வால்ட்ஹோஃபன் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். பதினோரு வருஷம் முட்டி தேய ஆடினார். முட்டி மொத்தமாகப் போனதும் ஹெர்ன்பெக் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். வாரம் முழுக்க ஆட்டத் திட்டம் போடுவது, அழுகிற பையன்களைத் தேற்றுவது என்று ஆயிரம் வேலை. ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் ஒரே வேலை. தலைமைப் பயிற்சியாளர் ரூடிகர் கோபம் தலைக்கேறி நடுவர் மேல் பாயும்போது, பின்னாலிருந்து அவர் ஜெர்கினைப் பிடித்து இழுக்க வேண்டும்.

ரூடிகர் இந்த சீசனில் ஏற்கெனவே மூன்று மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். நாலாவதும் வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் மைதான ஓரத்தில் நிற்க முடியாது. மேலே ரசிகர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அவர் இடத்தில் டெட்மர் நிற்பார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நடக்கப்போவதோ வால்ட்ஹோஃபனில்!

“உன் பழைய மைதானம். உன்னைப் பார்த்தா அந்த ஜனம் எழுந்து நின்னு கத்தும். அங்க ஒரு தடவை முன்னாடி நின்னு அணியை நடத்தணும்னு தூக்கத்துலகூடப் பொலம்புறே” என்றாள் கெஸீனா.

“ஆசை இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா அவரு என்னை நம்பித்தானே அந்தக் குதி குதிக்கிறாரு. நான் எப்படி விட முடியும்?”

“சரி, ஜெர்கினைப் புடிச்சுக்கிட்டே ரிட்டயர் ஆகு” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் ஆட்டம் தொடங்கியதுமே ரூடிகருக்குச் சாமி வந்துவிட்டது. ஒன்றுமில்லாத ஒரு த்ரோவுக்கு, “யோவ், கண்ணைக் கழட்டி வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா?” என்று நடுவரை நோக்கிப் பாய்ந்தார். டெட்மர் லபக்கென்று பிடித்தார்.

“கோச், ஏற்கெனவே மூணு ஆயிடுச்சு!”

“விடுய்யா!”

கொஞ்ச நேரத்தில் ஹெர்ன்பெக் ஒரு கோல் போட்டது. அதற்கும் ரூடிகர் கத்திக்கொண்டு கிளம்பினார்.

“கோச், அது நம்ம கோலு. நமக்குத்தான் குடுத்திருக்காரு!”

“இவ்ளோ லேட்டாவா விசில் அடிப்பான்?”

பெஞ்சுக்குப் பின்னால் நின்று சாசேஜ் தின்றுகொண்டிருந்த ரசிகர் ஒருவர், “டெட்மர், சங்கிலி ஏதாச்சும் எடுத்துட்டு வரவா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணிக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அவ்வளவுதான், ரூடிகர் தண்ணீர் பாட்டிலை ஓங்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டக் கிளம்பினார். டெட்மரின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. ஒரு கணம் விட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை அவருடையது. வால்ட்ஹோஃபன் மைதானத்தின் அந்த இரைச்சல் காதுக்குள்ளேயே கேட்டது. அடுத்த நொடியே தன்னை நினைத்து அவருக்கு வெட்கமாகிவிட்டது. ரூடிகரை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். எழுந்துவிடாமல் இருக்க, அவர் மடியிலேயே தானும் உட்கார்ந்துகொண்டார்.

“யோவ், மூச்சு முட்டுதுய்யா!”

“முட்டட்டும் கோச். அட்டை வாங்குறதுக்கு அது பரவாயில்லை.”

கடைசி விசில் ஊதியபோது ஹெர்ன்பெக் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தது. அட்டையும் இல்லை. டெட்மர் “அப்பாடா” என்று பிடியை விட்டார். ஆசை நிறைவேறாத வருத்தம் இருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

பிடியை விட்டதுதான் தாமதம். ரூடிகர் நேராக நடுவரிடம் ஓடினார். அவர் மூக்குக்கு நேராகக் கையை நீட்டி, “பிரமாதம்! பிரமாதம்!” என்று நக்கலாகக் கை தட்டினார். நடுவர் நிதானமாகப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினார்.

டெட்மர் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. “போச்சு கோச்! ஒரு நொடி அசந்துட்டேன். எல்லாம் என் தப்பு, மன்னிச்சிருங்க.”

ரூடிகர் கசங்கிய ஜெர்கினை இழுத்துவிட்டுக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “நேத்து கெஸீனா போன் பண்ணி உன் ஆசையைச் சொன்னதுலேருந்து இந்த அட்டைக்காக நாய் படாத பாடு படுறேன். நீ விட்டாத்தானேடா, பாவி!”